பக்கத்தில் ஓர் ஆள்



"குறட்டை விட்டுத் தூங்குறான், தூங்கட்டும். விடிஞ்சா தெளிஞ்சிரும்." அரசு மருத்துவராக இருந்த முப்பத்தொரு ஆண்டுகளில் இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் தாய்மார்கள், அண்ணன்மார்கள், ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்கள். அவர்களில் ஒருவர்கூட அக்கறை இல்லாதவர் அல்லர். தலைக்குத் தலையணை வைத்தவர்கள், மின்விசிறியைப் போட்டுவிட்டவர்கள், கதவை மெல்லச் சாத்தியவர்கள். ஆனால் அவர்கள் கேட்டது குறட்டை அல்ல. நின்றுபோகப் போகும் மூச்சின் ஒலி அது. இன்றைய பேச்சுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, சாத்தப்பட்ட அந்தக் கதவுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

உடலுக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அபினிலிருந்து வரும் மார்ஃபினும் ஹெராயினும், ஆய்வுக்கூடத்தில் உருவாகும் ஃபென்டனிலும், நம் ஊரில் இளைஞர்கள் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் டேபென்டடால் என்ற வலி மாத்திரையும் ஒரே குடும்பம். ஓபியாய்டு என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர். நாம் தூங்கும்போதும் மூச்சு விட மறப்பதில்லை. மூளையின் அடித்தண்டு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஓபியாய்டு வலியை மறக்கடிப்பதோடு அந்த அடித்தண்டையும் மந்தமாக்குகிறது. அளவு மிஞ்சினால், அதாவது ஓவர்டோஸ் ஆனால், மூச்சின் இடைவெளி நீளும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். அப்போதுதான் அந்தக் குறட்டை. உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். தோளை உலுக்கினாலும் எழமாட்டார். மூச்சு அடியோடு நின்றுவிட்டால் மூளைக்கு மிஞ்சியிருப்பது நான்கு முதல் ஆறு நிமிடம்.

அந்த ஆறு நிமிடத்துக்குள் பெரும்பாலான ஊர்களில் ஆம்புலன்ஸ் வந்து சேராது. ஆகவே ஓவர்டோஸில் ஒருவர் பிழைப்பாரா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மருத்துவர் அல்ல, அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார், அவர் என்ன செய்தார் என்பதுதான். இதைத்தான் இன்று நான் சொல்ல வந்திருக்கிறேன்.

பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் போதாது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, நான் பணியில் இருந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஓர் இளைஞனை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். படிக்கட்டில் இறக்கிப் படுக்க வைத்தார்கள். காவலாளி "யாருப்பா நீங்க, இருங்க" என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன எடுத்துக்கொண்டான், எப்போது எடுத்தான் என்று கேட்க ஆளில்லை. பெயரே மறுநாள் காலைதான் தெரிந்தது. அவன் பிழைக்கவில்லை. பிறகு ஒரு நாள் அந்த இருவரில் ஒருவன் என்னைத் தேடி வந்தான். "போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து முக்கால் மணி நேரம் ரூம்லயே வச்சிருந்தோம் டாக்டர்" என்றான். அவன் அழுததை நான் மறக்கவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தை அவர்களிடமிருந்து பறித்தது போதைப்பொருள் மட்டுமல்ல, பயமும்தான். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களில் எங்களைப் போன்றவர்களும் உண்டு. வார்டில் நாங்கள் கேட்ட முதல் கேள்விகள் எந்தத் தொனியில் இருந்தன என்பது எனக்குத் தெரியும்.

இந்த மரணத்தைத் தடுக்க முறிமருந்து இருக்கிறது. பெயர் நலாக்ஸோன். அமெரிக்காவில் ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டீன் என்ற இருவர் 1961இல் அதற்குக் காப்புரிமை கோரினார்கள். 1971இல் அந்நாட்டு அரசு பயன்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது. மூளையில் ஓபியாய்டு உட்காரும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு அங்கே தான் உட்கார்ந்துகொள்வது இதன் வேலை. ஊசியாகப் போடலாம், மூக்கில் பீய்ச்சலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பும். ஓபியாய்டு எடுக்காதவருக்குத் தவறுதலாகக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது. இதற்கு யாரும் அடிமையாவதில்லை. ஒரே குறை, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் இதன் வேகம் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் போதைப்பொருள் அதற்குப் பிறகும் வேலை செய்யலாம். அதனால் எழுந்து உட்கார்ந்தவரைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

ஃபிஷ்மன் வீட்டுத் துயரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2003இல் அவருடைய மனைவியின் மகன் ஹெராயின் ஓவர்டோஸில் இறந்துபோனார். உலகத்துக்கு முறிமருந்தைத் தந்தவரின் வீட்டுப் பிள்ளைக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. பல ஆண்டுகளாக அந்த மருந்து இருந்த இடங்கள் மருத்துவமனை அலமாரியும் ஆம்புலன்ஸும்தான். மனிதர்கள் இறந்துகொண்டிருந்ததோ அறைகளிலும் கழிப்பறைகளிலும் சந்துகளிலும்.

மருந்தை அலமாரியிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் டான் பிக். சிகாகோ நகரில் போதைப்பொருள் எடுப்பவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுத்துவந்த ஓர் அமைப்பை நடத்தியவர். அதைத் தொடங்கிய தோழர்களில் ஒருவரை 1996இல் ஓவர்டோஸில் பறிகொடுத்தார். அந்தக் காலகட்டத்தில்தான், பயன்படுத்துகிறவர்கள் கையிலேயே நலாக்ஸோனைக் கொடுக்கும் வேலையில் இறங்கினார். தன் நண்பனுக்கு மூச்சு நின்றால் முதலில் பார்ப்பவன் இன்னொரு நண்பன்தானே, அவனிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது என்பது அவருடைய கணக்கு. நல்ல மாற்றம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அது மாற்றமே என்பதுதான் அந்த அமைப்பின் கொள்கை. 2018இல் டான் பிக்கும் தன் வீட்டில் ஓவர்டோஸில்தான் இறந்தார். அவருடைய எதிர்ப்பாளர்கள் சிலர் இதைத் தோல்வி என்பார்கள். அந்த மருந்து இல்லாத வீடுகளில் நடந்த மரணங்களை யார் கணக்கில் வைப்பது?

இப்போது உங்களைக் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவருக்கு அழைத்துச் செல்கிறேன். மலையும் கடலும் சேர்ந்த அழகிய, வசதியான ஊர். அதன் நடுவிலேயே டவுன்டவுன் ஈஸ்ட்சைட் என்ற பகுதி இருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் இடத்தைச் சுற்றிப் பழைய விடுதிகள், பத்துக்குப் பத்து அறைகள், வேலையும் குடும்பமும் இழந்தவர்கள். 1990களில் அங்கே ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே எச்.ஐ.வி. வேகமாகப் பரவியது, ஓவர்டோஸ் மரணங்களும் குவிந்தன. 1997ஆம் ஆண்டு கோடையில் அங்குள்ள ஓப்பன்ஹைமர் பூங்காவில் இறந்தவர்கள் நினைவாக ஆயிரம் மரச்சிலுவைகளை நட்டார்கள். அந்த ஏற்பாட்டில் முன்னின்றவர் பட் ஆஸ்பர்ன். கவிஞர், ஹெராயினின் பிடியில் பல ஆண்டு இருந்தவர். ஆன் லிவிங்ஸ்டனும் அவரும் இன்னும் பலரும் சேர்ந்து போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். எங்களைப் பற்றிய முடிவை எங்களை வெளியே நிற்க வைத்துவிட்டு எடுக்காதீர்கள் என்று அந்தச் சங்கம் நகர்மன்றத்துக்குப் போய்ப் பேசியது.

நகர்மன்றம் கேட்டது என்பதுதான் ஆச்சரியம். அப்போதைய மேயர் ஃபிலிப் ஓவன் பழமைப் போக்குடைய கட்சிக்காரர். அவர் காலத்தில்தான் 2001இல், தடுப்பு, சிகிச்சை, காவல், தீங்கைக் குறைத்தல் என்ற நான்கு தூண் கொள்கையை நகர்மன்றம் ஏற்றது. அதற்கு அவர் கொடுத்த விலை தன் கட்சியின் ஆதரவு. அடுத்து மேயராக வந்த லாரி கேம்பல், முன்பு அந்நகரம் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தலைமை மரண விசாரணை அதிகாரி. சடலங்களை எண்ணிச் சலித்துப்போனவர். 2003 செப்டம்பரில் ஹேஸ்டிங்ஸ் தெருவில் 'இன்சைட்' திறந்தது. வட அமெரிக்காவில் சட்ட அனுமதி பெற்ற முதல் கண்காணிப்பு ஊசிக்கூடம்.

அங்கே போதைப்பொருள் கொடுக்கப்படுவதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். வருகிறவர் தன் பொருளைத் தானே கொண்டுவருகிறார். சுத்தமான ஊசி தரப்படுகிறது. கண்ணாடி வைத்த தடுப்புக்குள் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறார். செவிலியர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூச்சு குறைந்தால் ஆக்சிஜனும் நலாக்ஸோனும் தயார். கைப்புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிடுகிறார்கள், பேசுகிறார்கள், சிகிச்சை வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஓவர்டோஸ்கள் அந்தக் கூடத்தில் நிகழ்ந்திருக்கின்றன. அந்தக் கூரையின் கீழ் ஓவர்டோஸால் ஒருவர்கூடச் சாகவில்லை. 2011இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, இன்சைட் திறந்தபின் அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஓவர்டோஸ் மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன. நகரத்தின் மற்றப் பகுதிகளில் 9 விழுக்காடுதான் குறைந்தன. போதையைவிட்டு வெளிவரும் சிகிச்சையில் சேருகிறவர்களின் எண்ணிக்கையும் அங்கு வருகிறவர்களிடையே 30 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. உயிரோடு இருப்பவர்தானே சிகிச்சைக்கு வர முடியும்?

நடுவண் அரசு மாறியது; அனுமதியை நீட்டிக்க மறுத்தது. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்லின் உள்ளிட்ட ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து இன்சைட் தொடர வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். மூடினால் மனிதர்களின் உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமை பறிபோகும் என்பது அதன் சாரம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன்பின் ஃபென்டனில் வந்தது. பெல்ஜியத்தில் பால் யான்சன் அறுவைச் சிகிச்சைக்காக உருவாக்கிய நல்ல மருந்து. ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியம். கடத்துகிறவர்களுக்கு அதில் பெரும் வசதி, கொஞ்சம் இருந்தாலே போதும். ஹெராயின் என்று நினைத்து வாங்கியதில் அது கலந்திருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரல் 14 அன்று பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. இன்சைட் மட்டும் அந்த வெள்ளத்தைத் தாங்குமா? அந்த ஆண்டு செப்டம்பரில் ஆன் லிவிங்ஸ்டனும் சாரா ப்ளைத் என்ற பெண்ணும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சந்துக்குள் கூடாரம் போட்டார்கள். மேசை, நாற்காலி, நலாக்ஸோன், கற்றுக்கொண்ட தன்னார்வலர்கள். அனுமதி இல்லை. குளிர் ஏறிக்கொண்டிருந்த மாதங்களில் அந்தக் கூடாரத்தில் பலருக்கு மூச்சு திரும்பியது. டிசம்பரில் மாகாணச் சுகாதார அமைச்சர் அத்தகைய இடங்களை ஆணையிட்டே நடத்தச் சொன்னார். சட்டம் சந்துக்குள் நுழைய மூன்று மாதம் ஆனது. என் வாழ்நாளில் நான் படித்த பொதுச் சுகாதார நிகழ்வுகளில் இதை மிக உயர்வாக மதிக்கிறேன்.

அந்த மாகாணத்தில் 2016 ஏப்ரல் முதல் 2017 இறுதிவரை, வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய நலாக்ஸோன், இத்தகைய கூடங்கள், போதைப்பொருளுக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் மாற்று மருந்துச் சிகிச்சை மூன்றும் சேர்ந்து சுமார் 3,000 மரணங்களைத் தடுத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்படியிருந்தும் 2023இல் அங்கே 2,500க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மக்கள்தொகை சென்னை மாநகரத்தைவிடக் குறைவு. அந்த ஆண்டு தொடக்கத்தில் 2.5 கிராம் வரை வைத்திருப்பது குற்றமில்லை என்று அறிவித்த முயற்சிக்கும் பலத்த எதிர்ப்பு எழுந்தது. பொது இடங்களில் அது 2024 மே மாதத்தில் மீண்டும் குற்றமாக்கப்பட்டது. பூங்காவுக்குக் குழந்தையை அழைத்துப்போகும் தாயின் கவலையை நான் அலட்சியம் செய்யமாட்டேன். எல்லாவற்றுக்கும் இந்த வழியே மருந்து என்று உங்களிடம் சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன். ஆனால் அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் எங்கே இறந்தார்கள் என்று பாருங்கள்: நான்கு சுவருக்குள், தனியாக. ஊசிக்கூடத்தில் அல்ல.

இப்படியெல்லாம் செய்தால் போதைக்கு ஊக்கம் கொடுப்பதாகாதா என்று கேட்பார்கள். என் தாயாரே என்னைக் கேட்டார். சர்க்கரை நோயாளி இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு மயங்கி விழுந்தால், "கட்டுப்பாடு இல்லாத உனக்கு எதற்கு மருந்து" என்று நாம் கேட்பதில்லை. நலாக்ஸோன் கொடுத்தால் ஓபியாய்டுக்குப் பழகிய உடல் பெரும் வேதனைக்குள்ளாகும். வாந்தி, நடுக்கம், எலும்பு வலி. அதை நம்பி யாரும் அதிகம் எடுப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஓவர்டோஸை நேரில் பார்க்க வாய்ப்புள்ள எவர் கைக்கும் நலாக்ஸோன் கிடைக்க வேண்டும், பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்கா 2023 மார்ச்சில் மருத்துவர் சீட்டு இல்லாமலே மூக்குமருந்தை விற்க அனுமதித்தது. ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்ட அந்நாட்டு ஓவர்டோஸ் மரணங்கள் 2024இல் 80,000 அளவுக்கு இறங்கின. இறக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. நலாக்ஸோன் பரவலானது அவற்றில் ஒன்று என்று பலரும் கருதுகிறார்கள்.

இந்தியா இதை அறியாத நாடு அல்ல. மணிப்பூரில், பர்மாவிலிருந்து திரும்பிய நம் தமிழர்கள் குடியேறிய மோரே என்ற எல்லை ஊர் வழியாக ஹெராயின் வந்த காலத்தில், போதையிலிருந்து மீண்ட இளைஞர்களே 1990களின் தொடக்கத்தில் இம்பாலில் 'சாசோ' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுத்தமான ஊசியும், மாற்று மருந்தும், ஓவர்டோஸ் மீட்பும் அங்கே பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஊசி வழங்குவதும் புப்ரினார்ஃபின் என்ற மாற்று மருந்தைக் கொடுப்பதும் நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலேயே இருக்கின்றன. 2019இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 8.5 லட்சம் பேர் ஊசி மூலம் போதைப்பொருள் எடுப்பதாக மதிப்பிட்டது.

நம் மாநிலத்துக் குடும்பங்களுக்கு ஒரு செய்தியைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பிள்ளையை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறோம். மூன்று மாதம் கழித்துத் தெளிந்த முகத்தோடு வருகிறான். வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். அவன் வாழ்க்கையிலேயே உயிராபத்து மிகுந்த நாட்கள் அவைதான். எடுக்காமல் இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிட்டிருக்கும். ஒரு நாள் சறுக்கி, பழைய நினைவில் பழைய அளவையே எடுத்தால் அது கொல்லும். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே நிலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2007இல் வெளியான ஆய்வு, விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸில் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. "மறுபடி எடுத்தா வீட்டுப்படி ஏறாதே" என்று நாம் சத்தியம் வாங்குகிறோம். அந்தச் சத்தியத்துக்குப் பயந்து, எடுக்கிற அன்றைக்கு அவன் பூட்டிய அறைக்குள் எடுக்கிறான். எடுக்காதே என்று சொல்லுங்கள், நூறு முறை சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: "அப்படியே நடந்துபோச்சுன்னா எங்கிட்ட மறைக்காதே. தனியா மட்டும் இருக்காதே." மையங்களை நடத்துகிறவர்கள் வீட்டுக்கு அனுப்பும் நாளில் குடும்பத்தை உட்காரவைத்து இதை விளக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று. சாலையில் அடிபட்டவரைத் தூக்கிப்போகத் தயங்கிய சமூகம்தான் நாம். போலீஸ், கோர்ட்டு என்று அலைய விடுவார்களே என்ற பயம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உதவிய நல்லெண்ணத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சட்டமே சொன்னது. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. ஓவர்டோஸுக்கும் அப்படியொரு பாதுகாப்பு ஏன் கூடாது? அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007லேயே செய்தது. கனடா 2017இல் செய்தது. உதவிக்கு அழைத்தவர்மீதும் விழுந்து கிடப்பவர்மீதும் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குப் போடுவதில்லை. நம் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்குப் பாதுகாப்பு தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. நடு இரவில் 108ஐ அழைக்கும் நண்பனுக்கு எதுவும் இல்லை. விற்கிறவனைப் பிடியுங்கள், நானும் கைதட்டுகிறேன். அழைத்தவனை விட்டுவிடுங்கள். இந்த அவையில் வழக்கறிஞர்களும் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் முன்னால் இந்தக் கோரிக்கையை வைக்கிறேன். நலாக்ஸோன் ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும், ஒவ்வொரு மறுவாழ்வு மையத்திலும் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை.

செவிலியர் மாணவிகளே, இந்த நாட்டில் அந்த மருந்து உங்கள் கைக்கு வரும்வரை மூச்சு கொடுக்கத் தெரிந்த உங்கள் வாயே மருந்து. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு. குடியோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால் நலாக்ஸோன் அவற்றை மாற்றாது. அப்போதும் இந்த மூச்சு உதவும். தானாக மூச்சு விடுகிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் புகட்ட வேண்டாம், அது நுரையீரலுக்குள் போகும்.

மற்ற எல்லாருக்கும்: உங்கள் வீட்டில், விடுதியில், பக்கத்து அறையில் என்றைக்காவது அந்தக் குறட்டை கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். பெயர் சொல்லி உலுக்கி எழுப்புங்கள். எழவில்லை என்றால் 108ஐ அழையுங்கள். என்ன எடுத்தான் என்று தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வண்டி வரும்வரை அவன் பக்கத்திலேயே இருங்கள்.